மனாங்கில் அந்த ஒரு நாளை வெட்டாதீர்கள்

தோரோங் லா கணவாய்க்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகும் மலையேற்றக் குழு ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். நேபாளத்து அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் மனாங்கிலிருந்து முக்திநாத் வரையுள்ள பகுதியைப் பை சுமந்து நடந்தவன் நான். உங்கள் பயணத் திட்டங்கள் வருடாவருடம் சுருங்கிக்கொண்டே வருகின்றன. முதலில் கத்திரி விழுவது, உடம்பு உயரத்துக்குப் பழக மேலே போகாமல் மனாங்கிலேயே தங்கும் ஓய்வு நாளில்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

முன்பு நடை தொடங்கும் ஊரான பெசிசஹாரிலிருந்து கிளம்பினால் மனாங் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும், நடக்க நடக்க உடம்பும் உயரத்துக்குப் பழகிவிடும். இப்போது மனாங் வரை ஜீப் போகிறது. 800 மீட்டர் உயரம்கூட இல்லாத அந்த ஊரில் காலையில் வண்டி ஏறியவரை அன்றோ மறுநாளோ 3,500 மீட்டரில் இறக்கிவிட்டு, அடுத்த நாள் யாக் கார்க்கா, அதற்கடுத்த நாள் கணவாய் அடிவாரத்துத் தங்குமிடமான தோரோங் ஃபேதி, விடிவதற்குள் 5,416 மீட்டர் கணவாய் என்று ஓட்டினால் எந்த உடம்பு தாங்கும்? அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் நில் என்பது மலை மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. உடற்பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மாரத்தான் ஓடுபவருக்கும் தலை வலிக்கும்.

நான் போன குழுவில் அந்த நாள் இல்லை. தோரோங் ஃபேதியில் சாயங்காலம் எங்களில் ஒருவர் பையின் இடுப்பு வார் கிளிப்பை மாட்டப் பார்த்தார். இரண்டு முனையும் கையில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றோடு ஒன்று சேரவில்லை, நாலைந்து தடவை பக்கத்தில் பக்கத்தில் குத்துகிறார். காலையிலிருந்தே தலைவலி, சாப்பிடவும் இல்லை. அழைத்து வந்தவர் "வாயுத் தொல்லை, இஞ்சி டீ குடித்தால் சரியாகிவிடும்" என்றார். குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னோம், மூன்றாவது அடியில் சாய்ந்துவிட்டார். மூளை வீங்கத் தொடங்கியதற்கு அது அடையாளம், கீழே இறக்குவதுதான் வைத்தியம், விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. சுமைக்காரர் ஒருவரும் நானும் டார்ச் வெளிச்சத்தில் அவரை இறக்கினோம். பிழைத்தார்.

அவர் ஏன் தலைவலியை மறைத்தார் என்று அப்புறம் கேட்டேன். "என் ஒருத்தனுக்காக எல்லோரும் நிற்க வேண்டியிருக்குமே" என்றார். திட்டத்தில் ஒரு நாள் மிச்சம் இருந்திருந்தால் வாய் திறந்திருப்பார்.

ஓய்வு நாள் என்றால் படுத்துக் கிடப்பதில்லை. கங்காபூர்ணா ஏரிக்கு மேலே ஏறிவிட்டு மனாங்குக்கே திரும்பித் தூங்கலாம். பருவ காலத்தில் அங்குள்ள இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையத்தில் உயர நோய் பற்றிப் பிற்பகலில் பேசுவார்கள், குழுவை அழைத்துப் போய் உட்கார வையுங்கள், சுமைக்காரர்களையும் சேர்த்துத்தான். அவர்களுக்கும் இந்த நோய் வரும். டயமாக்ஸ் மாத்திரை உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்கு உதவும், ஆனால் அறிகுறி வந்த பிறகு அதைப் போட்டுக்கொண்டு மேலே ஏறலாம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

வானிலைக்காகவும் இன்னொரு நாள் கையிருப்பு வேண்டும். 2014 அக்டோபரில் ஹூட்ஹூட் புயலின் மிச்சம் பனியாகக் கொட்டியதில் கணவாயிலும் சுற்றுவட்டாரத்திலும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நாளே மிச்சமில்லாத குழு, வானம் கறுத்தாலும் கிளம்பத்தான் பார்க்கும்.

முக்திநாதப் பெருமாளைச் சேவிப்பது மட்டுமே நோக்கம் என்பவர்களை ஜோம்சோம் பக்கமாக வண்டியில் அனுப்புங்கள், கணவாய் ஏறத் தேவையே இல்லை.

அடுத்த பருவத்துக்கான திட்டத்தை வெளியிடும் முன் மனாங்குக்கு நேரே 'இரண்டு இரவுகள்' என்று எழுதிவிடுங்கள். நாள் கூடுகிறதே என்று யாராவது பின்வாங்கினால் என்னிடம் பேசச் சொல்லுங்கள், அந்த இடுப்பு வார் கதையை நானே சொல்கிறேன்.