ஆசிரியருக்குக் கடிதம்: இரண்டு முறை தோற்ற பாட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எண்பதுகளின் மேற்கத்திய பாப் இசை பற்றி நீங்கள் வெளியிட்டுவரும் தொடரை விடாமல் வாசித்து வருகிறேன். சென்ற இதழில் ‘ஆ-ஹா’ குழுவின் ‘டேக் ஆன் மீ’ பாட்டைப் பற்றி வந்த பகுதியும் படிக்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டுரையாளர் அதில் அடித்துச் சொல்லியிருக்கும் ஒரு விஷயத்தை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. பாட்டு சுமார்தானாம், வீடியோதான் தூக்கி நிறுத்தியதாம், மூன்று பையன்கள் ஒரே ராத்திரியில் உலகப் புகழ் அடைந்துவிட்டார்களாம்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். படத்துக்குக் கீழே ‘ஸ்வீடன் நாட்டுக் குழு’ என்று போட்டிருக்கிறீர்கள். அவர்கள் நார்வேக்காரர்கள். ஸ்வீடன் என்றால் அது ‘அப்பா’ குழு. அமெரிக்காவில் எந்தப் பாட்டு அதிகம் ஓடுகிறது என்று வரிசைப்படுத்தும் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் நார்வே குழு என்ற பெருமையே இந்தப் பாட்டால் வந்ததுதான் என்பதால், நாட்டை மாற்றிப் போடுவது கொஞ்சம் அநியாயம்.

சரி, அந்த ‘ஒரே ராத்திரி’க்கு வருவோம். பால் வாக்டாரும் மாக்னே ஃபூரூஹோல்மனும் ‘பிரிட்ஜஸ்’ என்ற பெயரில் குழு நடத்திக்கொண்டிருந்த காலத்திலேயே அந்தக் கீபோர்டு மெட்டு பிறந்துவிட்டது. அப்போது அதற்குப் பெயர் ‘ஜூஸி ஃப்ரூட்’ பாட்டு. சூயிங்கம் விளம்பரத்துக்குப் போட்ட ட்யூன் மாதிரி இருக்கிறதென்று அவர்களுக்கே தோன்றியிருக்கிறது. பாடகர் மார்ட்டன் ஹார்கெட் சேர்ந்த பிறகு அது ‘லெசன் ஒன்’ ஆனது; வரிகள் மாறின, பல்லவி மாறியது. பிழைப்புத் தேடி லண்டன் போனவர்கள் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் என்ன தெரியுமா? அங்கே ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வீடியோ கேம் இயந்திரம் இருந்ததுதான். நம்மூர்ப் பையன்களாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

வார்னர் பிரதர்ஸ் கம்பெனி அவர்களை ஒப்பந்தம் செய்து, டோனி மான்ஸ்ஃபீல்டின் தயாரிப்பில் 1984இல் பாட்டை வெளியிட்டது. நார்வேயில் மூன்றாம் இடம்வரை போனது. பிரிட்டனில் அதைச் சீந்த ஆளில்லை. அந்த முதல் பதிப்புக்கும் ஒரு வீடியோ இருந்தது என்பதைக் கட்டுரையாளர் சொல்லவே இல்லை. நீலத் திரைக்கு முன்னால் மூன்று பேரும் நின்று பாடுவார்கள், பின்னால் சிலர் உடற்பயிற்சி வித்தை காட்டுவார்கள். அன்றைக்கு வந்த நூறு வீடியோக்களில் நூற்றியொன்றாவது. அது யாருக்கும் உதவவில்லை.

அப்புறம் ஆலன் டார்னி என்ற இன்னொரு தயாரிப்பாளர் வந்தார். பாட்டை மறுபடி முதலிலிருந்து பதிவு செய்தார்கள். இன்று நாம் கேட்பது அதைத்தான். தொடக்கத்தில் டிரம் மட்டும் தனியாக ஓடி வரும். அதன்மேல் மற்ற வாத்தியங்கள் ஏறும். அதற்குப் பிறகுதான் அந்தக் கீபோர்டு மெட்டு துள்ளிக்கொண்டு உள்ளே நுழையும். இந்தப் புதிய பதிப்பைப் பிரிட்டனில் வெளியிட்டபோது என்ன ஆனது? அதுவும் படுத்துவிட்டது! வார்னர் கம்பெனியின் லண்டன் அலுவலகம் பெரிய அக்கறை காட்டவில்லை. இது என் வாதத்துக்கு எதிராகத்தான் இருக்கிறது, தெரிகிறது. நல்ல பதிவு கைக்கு வந்த பிறகும் பாட்டு தானாக ஓடவில்லை. வீடியோவின் பங்கை நான் மறுக்கவில்லை. இரண்டு முறை தோற்ற பாட்டின்மேல் மூன்றாவது முறையாகப் பணம் போட அமெரிக்க அலுவலகத்தில் இருந்தவர்கள் துணிந்தார்களே, அந்த வீடியோ அந்தத் துணிச்சலால் வந்தது. பாட்டில் சரக்கு இல்லையென்றால் எந்தக் கம்பெனி அப்படிச் செய்யும்? முதல் வாரத்தில் ட்ரெண்டிங் ஆகாத பாட்டை அடுத்த வாரமே மூட்டை கட்டிவிடும் இந்தக் காலத்தில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கலாம்.

அந்த வீடியோவைப் பற்றியும் கட்டுரையில் ‘கார்ட்டூன் வீடியோ’ என்ற இரண்டு சொற்களோடு முடித்துவிட்டார்கள். இயக்கியவர் ஸ்டீவ் பாரன். மைக்கேல் பேட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும் வரைந்தார்கள். முதலில் மனிதர்களை நடிக்கவைத்துப் படம் பிடித்து, பிறகு ஒவ்வொரு ஃபிரேமையும் பென்சிலால் நகலெடுத்து வரைவது, ரோட்டோஸ்கோப்பிங் என்பார்கள். ஏறக்குறைய 3,000 ஃபிரேம்கள், 16 வாரங்கள். எல்லாம் கை வேலை. கோடுகள் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? இரண்டு ஃபிரேம்களில் ஒரே கோடு ஒரே மாதிரி விழாததால் வரும் நடுக்கம் அது.

கதையும் லேசுப்பட்டதல்ல. ஒரு பெண் காபிக் கடையில் உட்கார்ந்து படக்கதைப் புத்தகம் படிக்கிறாள். படத்தில் இருக்கும் பந்தய வீரன் கண்ணடிக்கிறான். பக்கத்துக்குள்ளிருந்து ஒரு பென்சில் கை வெளியே நீள்கிறது. பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. கடைக்காரம்மா வந்து பார்க்கிறார். ஆளைக் காணோம். பில்லுக்குக் காசு கொடுக்காமல் கம்பி நீட்டிவிட்டாள் என்று நினைத்து, கோபத்தில் அந்தப் புத்தகத்தைக் கசக்கிக் குப்பையில் எறிகிறார். உள்ளே காதல் நடந்துகொண்டிருக்கிறது, வெளியே கல்லாக் கணக்கு! அந்தக் கசக்கலில்தான் படக்கதை உலகமே குலைந்து, வில்லன்கள் கையில் பெரிய குறடோடு துரத்த ஆரம்பிக்கிறார்கள். நாலு நிமிடத்துக்குள் இவ்வளவு சொல்லியிருக்கிறார்கள். 1986இல் எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி இதற்கு ஆறு விருதுகள் கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

1985 அக்டோபர் 19ஆம் தேதியிட்ட பட்டியலில் பாட்டு அமெரிக்காவில் முதலிடம். பிரிட்டனில் இரண்டாம் இடம்வரை வந்து மூன்று வாரம் அங்கேயே நின்றது; ஜெனிஃபர் ரஷ்ஷின் ‘தி பவர் ஆஃப் லவ்’ மேலே வழிவிடவில்லை.

இனி பாட்டு சுமாரா என்ற கேள்வி. பல்லவியை மட்டும் கேளுங்கள். மந்தர ஸ்தாயியில், ஏறக்குறைய பேச்சுக் குரலில் தொடங்குகிறது. ஒவ்வொரு அடியும் முந்தையதைவிட ஒரு படி மேலே. கடைசியில் ஹார்கெட் கள்ளக்குரலில் போய் நிற்கும் இடத்துக்கும் தொடங்கிய இடத்துக்கும் இரண்டரை ஸ்தாயி தூரம். கேட்கும்போது அது தெரியாது, கூடவே பாடிப் பார்த்தால்தான் தொண்டை சொல்லும். கச்சேரி கேட்டுப் பழகிய காதுகள் இதைச் சுமார் என்று சொல்லக்கூடாது.

வீடியோவைக் கழற்றிவிட்டால் பாட்டு நிற்குமா என்பதற்கும் அவர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். 2017இல் நார்வேயின் கிஸ்கே தீவில் எம்டிவியின் ‘அன்ப்ளக்டு’ (மின் வாத்தியங்களைக் குறைத்து எளிமையாகப் பாடும்) நிகழ்ச்சிக்காக இதே பாட்டைப் பாடினார்கள். அந்தத் துள்ளும் டிரம் இல்லை, வேகமும் பாதி. ஹார்கெட்டுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இருபத்தைந்து வயதில் அவர் உற்சாகமாகப் பாடிய பாட்டு, அங்கே விட்டுப் போகாதே என்று கெஞ்சுகிற பாட்டாக மாறியிருந்தது. பென்சில் கோடு ஒன்றுகூட அதில் இல்லை. எனக்கு 1985 பதிப்பைவிட இதுவே ஒரு படி மேல். மூத்த ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

‘ஒரே பாட்டோடு காணாமல் போனவர்கள்’ என்று கட்டுரையை முடித்திருப்பது அமெரிக்கப் பட்டியலை மட்டும் பார்த்துச் சொல்வது. இதற்கு அடுத்த பாட்டு 1986 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடத்துக்கே போனது, இந்தப் பாட்டால் முடியாத இடத்துக்கு. 1987இல் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குத் தலைப்புப் பாட்டுப் பாடினார்கள். 1991இல் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் அவர்களைக் கேட்க ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம் கூடியது. காணாமல் போனவர்களைத் தேடிக்கொண்டு யாரும் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள்.

தொடர் புத்தகமாக வரப்போகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். அப்போது இந்தப் பகுதியில் 1984 பதிப்புக்கும் அது தோற்ற கதைக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பதிப்புகளும் இணையத்தில் கிடைக்கின்றன. அவர் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதினால் போதும். அப்படியே அந்த ஸ்வீடனையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சி