புதிதாக வந்தவர்களைத் தனியாக விடாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். பல பேர் சேர்ந்து தோண்டி, வீடு கட்டி ஆடும் மைன்கிராஃப்ட் விளையாட்டின் நம் சர்வரில் இந்த வாரம் புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். நேற்று ராத்திரி நான் உள்ளே வந்தபோது அவர்களில் ஒருவர் மலையடியில் குழி தோண்டி, ஒரே ஒரு டார்ச்சை நட்டுவைத்து, விளையாட்டுக்குள் பூதங்கள் வரும் இரவு விடியட்டும் என்று தனியாகக் காத்திருந்தார். நாம் நாலு பேர் ஆன்லைனில் இருந்தும் ஒருவரும் சாட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

நார்வேயின் மாட்ஸ் ஸ்டீனைப் பற்றிப் படித்திருப்பீர்கள். தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்தவர், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டை ஆடியவர். 2014-ல் 25 வயதில் அவர் இறந்தபோது, மகன் தனிமையிலேயே போய்விட்டான் என்று நினைத்திருந்த பெற்றோருக்கு விளையாட்டு நண்பர்களிடமிருந்து மெயில்கள் வந்து குவிந்தன, சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். அந்த நட்பெல்லாம் திரையில் பேசிப் பேசியே வளர்ந்தது.

சரி, நாம் செய்ய வேண்டியது இதுதான். புதியவர் வந்தால் முதலில் ஒரு படுக்கை கொடுங்கள், மூன்று கம்பளியும் மூன்று மரப்பலகையும் போதும். நம் சர்வரில் எல்லோரும் படுத்தால்தான் இரவு கழியும், அதனால் அவரிடம் படுக்கை இல்லையென்றால் நமக்கும் விடியாது. அப்புறம், கேட்காமல் யாருடைய பெட்டியையும் திறக்காதீர்கள். சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்குக் கிணற்றடியில் கூடி மூவருக்கும் வீடு கட்டுகிறோம். மைக் இல்லாதவர்கள் சாட்டில் பேசலாம். கம்பளி மிச்சம் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.