யாழ்ப்பாணத்தில் ஜாவா படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஜாவா நிரல்மொழியில் முழு எண் அணியை (அரே) படிப்பித்த கையோடு, அதே விளக்கத்தைப் பொருள் (ஆப்ஜெக்ட்) அணிக்கும் நீட்டிவிட வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். பிள்ளைகள் தடுக்குப்படுவது சரியாக அந்த இடத்தில்தான்.

பருத்தித்துறை பஸ் ஒன்றுக்கு ஆசனப் பதிவு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'நியூ இன்ட்[54]' என்றால் 54 பூச்சியங்கள் கிடைக்கும், உடனேயே பாவிக்கலாம். 'நியூ ஆசனம்[54]' என்றால் ஓர் ஆசனமும் கிடைக்காது. 54 இடங்களிலும் இருப்பது 'நல்', அதாவது எந்தப் பொருளையும் சுட்டாத வெறுமை. பொருளை உருவாக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டர் ஒரு தடவைகூட ஓடவில்லை. காணியைத் துண்டுபோட்டு இலக்கம் அடித்தாயிற்று, வீடு ஒன்றும் எழும்பவில்லை. கம்பைலர் இதற்கு வாய் திறப்பதில்லை. ஓடவிட்டு, அணியின் முதல் இடமான ஆசனங்கள்[0] இல் ஒரு மெதட்டைக் கூப்பிடும்போதுதான் நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன் என்ற வழு வருகிறது.

ஆகவே இரண்டு படிகளையும் பலகையில் தனித்தனியே கீறுங்கள். முதலில் வெறும் பெட்டிகள். அந்த நிலையிலேயே ஆசனங்கள்[0] ஐ அச்சிட்டு, 'நல்' வருவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். பிறகு 'ஐ' என்ற மாறியை 0 முதல் 53 வரை ஓட்டும் ஃபோர் லூப் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஆசனங்கள்[ஐ] = நியூ ஆசனம்(ஐ + 1).

இந்த லூப்பை, இட எண் இல்லாமல் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபோர்-ஈச் ஆக எழுதினால் பலிக்காது. அதில் வரும் மாறி, அணியில் உள்ள சுட்டியின் பிரதி மட்டுமே. புதுப் பொருள் அந்த மாறிக்குள் போய், சுற்று முடிய மறைந்துவிடும், அணி அப்படியே 'நல்' ஆக நிற்கும்.

அணி முழுவதையும் ஒரே மதிப்பால் நிரப்பும் அரேஸ்.ஃபில் இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் வழுவே காட்டாது. ஒரே ஆசனத்தை 54 இடங்களிலும் வைத்துவிடும். 12ஆம் ஆசனத்தைப் பதிந்தால் பஸ் முழுக்கப் பதிந்ததாகக் காட்டும். ஜாவா 8 இலிருந்து உள்ள அரேஸ்.செட்ஆல் ஒவ்வோர் இடத்துக்கும் நாம் கொடுக்கும் லாம்டாவை (பெயரில்லாச் சிறு செயற்கூறு) தனியே கூப்பிடுவதால், அதற்குள் 'நியூ' எழுதினால் 54 தனி ஆசனங்கள் கிடைக்கும். உயர்தரத்தில் பைதான் படித்தவர்களுக்கு [ஆசனம்()] * 54 என்று எழுதிக் காட்டினால் உடனே விளங்கும். அங்கேயும் இதே கோளாறுதான்.

சி++ இலிருந்து வருகிறவர்களின் குழப்பம் வேறு. அங்கே 'ஆசனம் ஆசனங்கள்[54]' என்றாலே டிஃபோல்ட் கன்ஸ்ட்ரக்டர் 54 தடவை ஓடிவிடும். அது இல்லாத கிளாஸ் என்றால் கம்பைலே ஆகாது. ஜாவாவும் அப்படித்தான் என்று அவர்கள் நம்பி வருவதில் வியப்பில்லை.

இன்னும் ஒன்று, இதுதான் எங்களை மிகவும் வருத்துவது. எக்ஸெப்ஷன் வந்ததும் 'நல் இல்லையென்றால்' என்று ஓர் இஃப் போட்டுத் தப்பும் விடைக்குப் புள்ளி கொடுக்காதீர்கள். நிரல் ஓடும், ஆனால் ஆசனம் ஒன்றும் இராது. உண்மையான வழு உள்ளேயே கிடக்கும்.

ஆய்வுகூடக் கணினிகளில் இன்னும் ஜாவா 8 இருந்தால் 17 அல்லது 21 ஐ நிறுவித் தாருங்கள். பழையது வரி இலக்கத்தோடு நின்றுவிடும். ஜாவா 15 இலிருந்து, அந்த வரியில் எது 'நல்' என்பதையும் வழுச் செய்தி தானாகவே சொல்கிறது.

அன்புடன்,
யாழ்ப்பாணத்து நிரலாளர்கள் சிலர்