மைனஸ் 12

அக்கா,

பழைய சந்துல, அதான் ட்விட்டர்ல, இருந்த அக்கவுண்ட்டை நேத்து ராத்திரி மூடிட்டேன். 30 நாள் திரும்பிப் போகாம இருந்தா தானா அழிஞ்சுடுமாம். ஏன் இப்ப, 2022ல மஸ்க் வாங்கினப்பவே போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. போனேன்க்கா, அதே மாதிரி இருக்கற மாஸ்டடானுக்கு, எந்த சர்வர்ல சேரணும்னு கேட்டுச்சு, பயந்து அப்படியே திரும்பிட்டேன். இப்ப ப்ளூஸ்கை, அதுவும் அதே மாதிரி இன்னொண்ணு. டிபி வைக்கல, பயோ காலி, ஃபாலோயர் நாலு பேரு, அதுல ஒண்ணு ஆளே இல்ல, தானா ஓடற பாட் (bot).

இங்க ஒரு போஸ்ட்டுக்கு 300 எழுத்து. சும்மா டெஸ்ட்டுக்கு "கீச்சு"ன்னு அடிச்சேன், மிச்சம் 297ன்னு காட்டுச்சு. ஒரு நிமிஷம் புரியல. அங்க இதே வார்த்தை 6 தின்னும்ல, க தனி, சுழி தனி, புள்ளி தனின்னு? இங்க கண்ணுக்குத் தெரியற மாதிரியே மூணு.

உடனே மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் தான் ஞாபகம் வந்துச்சு. 2013, ட்விட்டர் ஆளுங்க சந்திப்பு முடிஞ்சு திருநெல்வேலி பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தோம், என் போன்ல நான் அடிச்ச ட்வீட் 140 எழுத்தைத் தாண்டி, கவுண்டர் மைனஸ் 12ன்னு சிவப்பா நிக்குது, நான் முழிச்சிட்டு இருக்கேன், நீங்க பஜ்ஜி எண்ணெய்ய முந்தானைல தொடைச்சுட்டு "குடுடி இங்க"ன்னு புடுங்கி, உதட்டை அசைச்சு ஒவ்வொரு எழுத்தா எண்ணினீங்க. "எங்க வீட்டு ஆம்பளைங்க"ன்னு ஆரம்பிக்கும் அது. "எங்க வீட்டு" சரியா 12, ஸ்பேஸோட. வெட்டிட்டு, "பாத்தியா, கச்சிதம்"னு சிரிச்சு நீங்களே பட்டனை அமுக்கினீங்க. அந்தச் சிரிப்பு இன்னும் அப்படியே இருக்குக்கா.

பஸ் திருமங்கலம் தாண்டறதுக்குள்ள திட்டு ஆரம்பிச்சுடுச்சு. எங்க வீட்டு ஆம்பளைங்க மட்டும் இல்ல, இப்ப ஊர்ல இருக்கற அத்தன ஆம்பளைங்களும்ல. மூணு நாள் மென்ஷனைத் திறக்க முடியல, நாலாம் நாள் ஆபீஸ் மெயிலுக்கே வந்துச்சு. வெட்டினது நான்தான்னு ஒரு வரி நீங்க சொல்லியிருந்தா போதும். நீங்க ராஜா பாட்டு போட்டுட்டு இருந்தீங்க. ராத்திரி டிஎம்ல, யாரும் பாக்காத தனி மெசேஜ்ல, மட்டும் ஆறுதல்.

சரி, நான் பண்ணது தப்பு. அந்த டிஎம்மை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டிருக்கக் கூடாது. என்ன எழுதியிருந்தீங்கன்னு இங்க சொல்லப் போறதில்ல, பழைய ஆளுங்க ரெண்டு பேர் இன்னும் இங்க எட்டிப் பாக்கறாங்க (வணக்கம்ங்க, தேடாதீங்க, 20 நிமிஷத்துல எடுத்துட்டேன்). ஆனா 20 நிமிஷமே அதிகம்னு அப்புறம் தான தெரிஞ்சுது. உங்க நிஜப் பேரு அதுல இருந்ததை நான் கவனிக்கல, சத்தியமா கவனிக்கல, கவனிச்சிருந்தாலும் அன்னிக்கிருந்த கோவத்துல போட்டிருப்பேன்னு தான் தோணுது, அதையும் சேத்தே சொல்லிடறேன். உங்க வீட்டுல நடந்தது மூணாவது ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல இங்க வேணாம்.

ஆனா நீங்களும் ஒரு வார்த்தை சொல்லாம அக்கவுண்ட்டுக்கு பூட்டு போட்டுட்டுப் போயிட்டீங்கல்ல. திட்டியாவது இருக்கலாம். 2017 நவம்பர்ல அந்த 140ஐ 280 ஆக்கினப்ப மொத ஆளா உங்ககிட்ட தான் சொல்லணும்னு போன எடுத்தேன், எடுத்துட்டு எங்க அனுப்ப?

இங்க யாராச்சும் நம்ம போஸ்ட்டை அவங்க போஸ்ட்டுக்குள்ள எடுத்துப் போட்டு (quote) கூட்டம் சேத்தா, அதுல இருந்து நம்மளுதை உருவிக்கலாம். அப்பவே இருந்திருந்தா உங்க மேல கோவமே வந்திருக்காதோ என்னவோ. ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் உருவ முடியாது, பாத்துட்டேன்.

இன்னிக்கு அந்தப் பழைய வரியை "எங்க வீட்டு" சேத்து அடிச்சுப் பாத்தேன். ஸ்பேஸோட 8 தான் எடுத்துச்சு. அதுக்கப்புறமும் எவ்ளோ எடம் கெடக்குது. போஸ்ட் பண்ணல, அழிச்சுட்டேன்.

உங்க பழைய பேரை இங்க தேடினேன், யாரும் எடுக்கல. நானே எடுத்து வைக்கலாமான்னு ஒரு நிமிஷம் நெனச்சேன், உங்களக் கேக்காம உங்க பேரைத் தொட வேணாம்னு விட்டுட்டேன்.