செயலாளர் ஆண்டறிக்கை: 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், குளிரைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) சேராததால் சென்ற மாதம் ஒத்திவைத்த பொதுக்குழுதான் இன்று கூடியிருக்கிறது. பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்யும் அடுப்பு எரிபொருள்) மூட்டை வாங்க வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் வந்திருந்தாலும் அன்றே கூட்டத்தை முடித்திருக்கலாம்.

சுதந்திர தினம், குடியரசு தினக் கொடியேற்றம், பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் வழக்கம்போல் நடந்தன. நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது.

பெல்லட் கூடம்

பெல்லட் செய்யும் இந்தக் கூடம் தேவையா என்ற கேள்வி ஆண்டு முழுவதும் எழுந்ததால் விளக்கமாகவே சொல்கிறேன். நம் கோத்தகிரிப் பக்கம் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் சீகை (வாட்டில்) மரமும் வெட்டிய கையோடு விறகாக விற்கப்படுகின்றன. அந்த ஈரத்தில் எரிந்தால் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போகும். சரியாக எரியாத புகை, புகைபோக்கியில் தாராகப் படியும். ஒழுங்காகச் செய்த பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்கும். ஒரு கிலோ எரிந்தால் 4,000 கிலோ கலோரிக்கு மேல் கிடைக்கும். சிறிய அறை அடுப்புக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ போதும்.

மேட்டுப்பாளையம் பக்கத்து மர அறுவை மில்களிலிருந்து தூள் எடுக்கிறோம். பச்சை மரத்தூளில் பாதி தண்ணீர். 100 கிலோ பெல்லட்டுக்கு அப்படிப்பட்ட தூள் 180 கிலோ வேண்டும். 80 லிட்டர் தண்ணீரை வெயில்தான் வாங்க வேண்டும். ஈரத்தூளை எடை போட்டு வாங்கினால் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்து மலையேற்ற லாரி வாடகை கொடுக்கிறோம். ஆகவே காய்ந்த தூளுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்ததை வீண் செலவு என்று சொல்வது சரியல்ல.

வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் அக்டோபரில் இறங்கினால் டிசம்பர் வரை விடுவதில்லை. அடுப்பு கேட்கும் மாதமும் அதுதான். அதனால் பிப்ரவரி முதல் மே வரை தூளைக் காயவைத்து மூட்டை கட்டியாக வேண்டும். பாலித்தீன் கூரைக்கடியில் சிமென்ட் தளத்தில் நாலு விரல்கிடை உயரத்துக்கு மேல் பரப்பாமல், ஒரு நாளைக்கு மூன்று முறையாவது கிளறிவிடுகிறோம். பதம் பார்க்க 100 கிராம் தூளை 105 டிகிரி அடுப்பில் எடை இறங்குவது நிற்கும் வரை வைக்கிறோம். 88 கிராமில் நின்றால் ஈரம் 12 சதவீதம். மெஷினுக்கு அதுவே பதம். 15-ஐத் தாண்டினால் துளைக்குள் ஆவி கட்டி, பெல்லட் வெடிப்பு விட்டு வெளியே வரும். 8-க்குக் கீழே போனால் ஒட்டாது, பொடியாகவே விழும்.

காந்தத்தைக் கடந்த பிறகுதான் தூள், அதை நுணுக்கும் ஹேமர் மில்லுக்குப் போகும். தூளோடு அரைக்கும் காய்கறிப் பெட்டிப் பலகையில் ஆணி இல்லாமல் இருந்ததே இல்லை. 5 மி.மீ. சல்லடையில் அரைத்து, 8 மி.மீ. துளை டையில் (துளையிட்ட உலோக அச்சில்) அழுத்துகிறோம். கற்பூரத் தூள் தனியாகச் சரியாகப் பிடிக்காது. பைன் தூள் கலந்தால் பிடிப்பு வரும். பைன் கிடைக்காத வாரங்களில் மரவள்ளி மாவு நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்த்தோம். அதற்கு மேல் சேர்ப்பதில்லை. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு எதையும் கூடத்துக்குள் விடுவதில்லை. யார் வீட்டுப் பழைய அலமாரியாக இருந்தாலும் இதுதான் விதி.

மெஷினை நிறுத்தும் முன் பலகாரக் கடையில் மீந்த எண்ணெய் கலந்த தூளை ஓட்டி, துளைகளில் அதையே நிரப்பி விட வேண்டும். மின்சாரம் திடீரென்று போனால் அதற்கு நேரமில்லை. சூடான தூள் துளைக்குள்ளேயே இறுகிவிடும். பிறகு ஒவ்வொரு துளையாக டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். டிசம்பரில் மூட்டை தாமதமானதற்கு இதுவே காரணம். கூடத்து ஆட்களின் மெத்தனம் அல்ல.

இரண்டு புகார்களுக்குப் பதில். 'பெல்லட் பொடியாகிறது' என்றவர்கள் மூட்டையைப் பிரித்து வெறுந்தரையில் வைத்தவர்கள். மூடுபனியின் ஈரமே அதை மறுபடி தூளாக்கிவிடும். பலகை மேல், சுவரை ஒட்டாமல், வாய் கட்டி வையுங்கள். கூடத்தை விட்டுப் போகும் பெல்லட் தண்ணீரில் போட்டால் மூழ்கும், பளபளப்பாக இருக்கும். சந்தேகம் இருந்தால் வாங்கும்போதே சோதித்துக்கொள்ளலாம். 'அடுப்பில் கட்டி பிடிக்கிறது' என்பது உண்மை. ஆனால் அது தேயிலைக் கவாத்துக் குச்சியைப் பட்டையோடும் மண்ணோடும் அரைக்கச் சொன்னதால் வந்தது. மண் உருகினால் கட்டிதான். இனி கவாத்துக் குச்சி பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேராது, மண் உதறித்தான் சேரும்.

விசிறி வைத்த அடுப்புக்கு இன்வெர்ட்டர் இணைப்பு அவசியம். மின்சாரம் நின்றால் புகை அறைக்குள் திரும்பும். மூட்டைகளைக் காற்றோட்டமில்லாத அறையில் குவிக்கவும் வேண்டாம். பெல்லட் அடைத்து வைத்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனையே தெரியாது. அறையை மூடிக்கொண்டு கரிச்சட்டி வைப்பதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். சாம்பலைக் காய்கறிப் பாத்திக்குப் போடலாம். தேயிலைச் செடிக்கு ஆகாது, அதற்குப் புளித்த (அமிலத்தன்மையுள்ள) மண்தான் வேண்டும்.

சந்தா

உறுப்பினர் விலையில் மூட்டை வாங்கியவர்களில் கணிசமானோர் உறுப்பினர் சந்தா கட்டவில்லை. நினைவூட்டல் கடிதம் போனது, வாட்ஸ்அப் செய்தியும் போனது. இரண்டு நீல டிக் விழுந்தது, பணம் வரவில்லை. தூள் பரப்ப ஆள் கேட்ட ஞாயிறுகளில் எல்லோருக்கும் திருமணம் இருந்தது. பெயர் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பட்டியல் பதிவேட்டில் இருக்கிறது.

கணக்கு

முழு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவு, செலவுக்குச் சற்றே பின்தங்கியது. நிலுவைச் சந்தா வந்தால் முந்திவிடும்.

தூள் கொடுத்த மில்காரர்களுக்கும், லாரி ஓட்டுநர்களுக்கும், கூடத்தில் மூக்கில் துணி கட்டி நின்ற தொழிலாளர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டு

டையின் துளைகள் தேய்ந்து அகன்றுவிட்டன. பெல்லட் இறுக்கம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். புது டையும் தூளை அதற்குள் அழுத்தும் ஒரு ஜோடி ரோலரும் பிப்ரவரிக்குள் வந்தால்தான் அடுத்த குளிருக்கு மூட்டை உண்டு. அவற்றுக்கான விலைப்புள்ளி அலுவலக மேசையில் இருக்கிறது. ரசீதுப் புத்தகமும் அங்கேதான் இருக்கிறது. சந்தா முடித்தவர்களுக்கு முதல் மூட்டை என்ற தீர்மானத்தைக் குழு இன்று உங்கள் முன் வைக்கிறது. செயலாளர் பொறுப்பை ஏற்க விரும்புவோர் கூட்டம் முடியுமுன் பெயர் கொடுக்கலாம். சென்ற ஆண்டும் கேட்டோம், யாரும் கொடுக்கவில்லை.

இங்ஙனம்,
செயலாளர்