வெயில் தின்ற மரத்துக்கு வார்னிஷ் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திறந்தவெளியில் வெளுத்துப்போன மரப்பலகைத் தளத்தைச் சரிசெய்வது எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டதற்கு, 'பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, காய்ந்ததும் இரண்டு கோட் வார்னிஷ் அடியுங்கள், புதுசு போல் ஆகிவிடும்' என்று தங்கள் நாளிதழின் வீடு பராமரிப்புப் பகுதியில் பதில் வந்திருந்தது. புதுசு போல் ஆவது உண்மைதான், ஐப்பசி மழை பிடிக்கும் வரைக்கும். அதற்குப் பிறகு அப்பளம் அப்பளமாக உரியும் வார்னிஷைச் சுரண்டி எடுப்பதுதான் பெரிய செலவு. ஆனைமலை அடிவாரத் தோப்பு வீடுகள், வால்பாறை, ஏற்காடு விடுதிகள், கோவை மொட்டை மாடிகள் என்று இந்தத் தளங்கள் பெருகிவிட்டதால் இந்தத் திருத்தத்தை எழுதுகிறோம்.

மரம் சாம்பல் நிறமாவது வெறும் அழுக்கால் அல்ல. மர நார்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது லிக்னின் என்ற பொருள். வெயிலின் புற ஊதாக் கதிர் அதை உடைக்கிறது, மழை கழுவிக்கொண்டு போகிறது. மேலே மிஞ்சுவது பிடிப்பில்லாத செத்த நார். அதன் மேல் எதை அடித்தாலும் நாரோடு சேர்ந்து பெயர்ந்து வரும். வார்னிஷ், பி.யு. (பாலியூரித்தேன் பூச்சு) எல்லாம் மரத்தின் மேல் படலமாக உட்காருபவை. மரம் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும்போது அந்தப் படலம் ஆணித் தலையிலும் பலகை முனையிலும் கீறும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இருக்காது. சுவர் ஓரமாக நிற்கும் கதவுக்கு வார்னிஷ் தாங்கும். மிதிபட்டு, தண்ணீர் தேங்கி, நாள் முழுக்க வெயில் குடிக்கும் தரைப்பலகைக்குத் தாங்காது.

பிளீச்சிங் பவுடர் பூஞ்சையைக் கொல்லும், சரி. ஆனால் மிச்சமிருக்கும் லிக்னினையும் சேர்த்து உடைத்து நாரைப் பஞ்சாக்கும், ஆணியையும் அரிக்கும். திருப்பூர்ப் பக்கம் பனியன் துணியை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடைத்தான் பெரிதும் நம்புகிறார்கள். மரத்துக்கும் அதே வழிதான் நல்லது. சோடியம் பெர்கார்பனேட் என்று கேட்டால் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். தண்ணீரில் கரைத்தால் அது பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும்.

பத்துக்கு இருபது, அதாவது 200 சதுர அடித் தளத்தைக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முதலில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒவ்வொரு பலகையையும் குத்திப் பார்க்க வேண்டும். முனை லேசாக இறங்கினால் அது உளுத்த பலகை, மாற்றத்தான் வேண்டும். துருப்பிடித்த இரும்பு ஆணிகளைப் பிடுங்கி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுவது நல்லது. பலகைகளுக்கு இடையே அடைந்திருக்கும் சருகையும் மண்ணையும் தகட்டால் கீறி எடுத்துவிட வேண்டும். அந்த இடுக்கு அடைத்தால் பலகையின் ஓரம் காயவே காயாது. பழைய வார்னிஷ் ஒட்டிக்கொண்டிருந்தால் பெர்கார்பனேட் அதை அசைக்காது. பெயின்ட் ரிமூவர் போட்டுச் சுரண்டுவது தவிர வேறு குறுக்கு வழி கிடையாது.

10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 600 கிராம் பெர்கார்பனேட். கலக்கியதும் பயன்படுத்த வேண்டும், சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும். மிச்சத்தைக் கேனில் ஊற்றி மூடினால் உள்ளே வாயு சேர்ந்து கேன் உப்பும். பலகையை நனைத்துவிட்டு, 50 சதுர அடி 50 சதுர அடியாக ஊற்றி, 15 நிமிடம் காயாமல் பார்த்துக்கொண்டு, நைலான் பிரஷால் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்துக் கழுவ வேண்டும். கம்பி பிரஷும் ஸ்டீல் உல்லும் கூடவே கூடாது. உடைந்து உள்ளே சிக்கும் இரும்புத் துணுக்கு அடுத்த மழையில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

இந்தக் கட்டத்தில் தேக்கு கருத்துத் தெரியும். பயப்பட வேண்டாம், காரத்தன்மையால் வருவது. அதற்குத்தான் ஆக்ஸாலிக் ஆசிட். மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கும் அதே வெள்ளைத் தூள். பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டருக்கு 300 கிராம் கரைத்து, பரவலாக ஊற்றி 15, 20 நிமிடம் விட்டுக் கழுவினால் மரத்தின் சொந்த நிறம் திரும்பும். ஆணியைச் சுற்றிய கறுப்பு மட்டும் போகாவிட்டால் அந்த இடத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் வரை போகலாம். இது விஷம். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது, தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். பக்கத்துச் செடிகளை முன்னும் பின்னும் நன்றாக நனைத்துவிடுங்கள்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: போர்வெல் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்பு ஆக்ஸாலிக் ஆசிட்டோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பொடியாக மரத்தில் படியும். எவ்வளவு கழுவினாலும் காய்ந்ததும் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது என்கிற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். ஆசிட் கரைக்கவும் கடைசிக் கழுவலுக்கும் மட்டுமாவது சிறுவாணி ஆற்றுத் தண்ணீரோ மழைநீரோ வேண்டும். கார் கழுவும் பிரஷர் மிஷினை முழு வேகத்தில் வைத்து அடிப்பதும் வேண்டாம். மரத்தின் மெத்தென்ற பகுதி வரி வரியாகக் குழியும். விசிறி நாசில் போட்டு, அழுத்தத்தை 40 பாருக்குள் வைத்து, ஓர் அடி தள்ளிப் பிடித்தால் போதும்.

காய்ந்த பிறகு எழும்பி நிற்கும் நாரை 60 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, 80-இல் நிறுத்திவிட வேண்டும். வழவழப்பாக இருக்கட்டும் என்று 180 வரை போனால் மரத்தின் துவாரம் அடைபட்டு, வார்னிஷுக்குப் பதிலாக நாம் அடிக்கப்போகும் ஸ்டெயின் (மரத்துக்குள் ஊறும் நிற எண்ணெய்ப் பூச்சு) இறங்காது. குறைந்தது இரண்டு முழு நாள் காய வேண்டும், மேகமூட்டம் என்றால் இன்னும் கூட. நான்கைந்து இடங்களில் தண்ணீர் தெளித்துப் பார்த்து, ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சினால் மரம் ஸ்டெயினுக்குத் தயார்.

பருவமும் முக்கியம். காற்றாலை ஓயாமல் சுற்றும் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதி முழுக்க ஈர ஸ்டெயினில் ஒட்டும். சித்திரை வெயிலில் பலகை கொதிப்பதால் எண்ணெய் உள்ளே இறங்குமுன் மேலேயே இறுகிவிடும். மார்கழியில் பனி. தைப் பொங்கல் கழிந்து மாசி முடிய உள்ள காலம்தான் சரி, வால்பாறைக்கும் அதுதான். அன்றும் பனி உலர்ந்த பின் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும்.

ஸ்டெயின் வாங்கும்போது 'வெளிப்புற மரத்துக்கு, எண்ணெய் அடிப்படை, உள்ளே ஊறுவது, நிறமி உள்ளது' என்று கேட்டு வாங்குங்கள். புற ஊதாவை மறிப்பது நிறமிதான். நிறமே இல்லாதது அழகாக இருக்கும், ஆறு மாதத்தில் பழைய கதை ஆகலாம். வயதான மரம் லிட்டருக்கு 40 முதல் 60 சதுர அடிதான் கொடுக்கும், ஆக நம் 200 சதுர அடிக்கு முதல் கோட்டுக்கே மூன்றரை முதல் ஐந்து லிட்டர். ஒரு பலகையை ஆரம்பித்தால் முனை வரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும், நடுவில் நிறுத்தினால் அந்த இடம் பட்டையாகத் தெரியும். அறுத்த முனைகளுக்கு இரண்டு முறை. 15, 20 நிமிடம் கழித்து மரம் குடிக்காமல் மேலே நிற்பதைத் துடைத்தே ஆகவேண்டும்; பிசுபிசுப்பென்று சொல்லித் திருப்பிக் கூப்பிடும் வேலைகளில் பெரும்பாலும் விட்டுப்போனது இந்தத் துடைப்புதான்.

செலவு மிச்சம் என்று வேப்பெண்ணெய், தேங்காயெண்ணெய் பூசுகிறார்கள். காங்கேயம் பக்கம் தேங்காயெண்ணெய்க்குப் பஞ்சமில்லைதான், ஆனால் அது இறுகாத எண்ணெய். தூசு பிடித்துக் கறுக்கும். வண்டியில் வடித்த கறுப்பு ஆயிலைப் பூசிவிட்டால் அப்புறம் எந்த ஸ்டெயினும் ஏறாது. முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், வெறுங்காலில் நடக்கும் இடத்துக்கு ஆகாது.

துடைக்க எல்லோரும் எடுப்பது பனியன் வேஸ்ட். ஆளிவிதை எண்ணெய் கலந்த ஸ்டெயின் ஊறிய வேஸ்டைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து சூடேறித் தானாகவே தீப்பற்றும். கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கி வைக்க வேண்டும். பெயின்டர் கிளம்புமுன் வீட்டுக்காரர்கள் இதை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

இப்படிச் செய்த தளத்தை வருடா வருடம் தையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளி உருண்டு நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். உறிஞ்சினால் பாதி அளவு பெர்கார்பனேட்டில் ஒரு கழுவல், காய்ந்ததும் மெல்லிசாக ஒரே கோட். உப்புத்தாளும் சுரண்டலும் தேவைப்படாது.

இப்படிக்கு,
மர வேலை, பாலிஷ் தொழில் செய்வோர்,
பொள்ளாச்சி.