வாய்மொழி உத்தரவுக்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பொது நிறுவனங்களின் செலவைக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழுக்களுக்குத் தண்டிக்கும் அதிகாரம் வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளரின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் ஒரு பொது நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். யாரைத் தண்டிப்பது என்று முதலில் தெரிய வேண்டுமே. ஃபைலில் அதுதான் இருப்பதில்லை.

நம் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். அமைச்சர் யாரும் உறுப்பினராக முடியாது. 1967 முதல் தலைவர் பதவி எதிர்க்கட்சிக்கு. இதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தணிக்கை அறிக்கை அவைக்கு வந்து, குழு அதில் ஒரு பத்தியைக் கையில் எடுப்பதற்குள் செலவு நடந்து பல வருடம் ஓடியிருக்கும். பில்லில் கையெழுத்துப் போட்டவர் மாற்றலாகிப் போயிருப்பார், இல்லையென்றால் என்னைப் போல வீட்டில் இருப்பார். குழுவுக்கு முன்னால் உட்கார்ந்து வியர்ப்பவர் அன்றைக்கு வேறு துறையில் இருந்தவர். அவரை எவ்வளவு குடைந்தாலும் "பரிசீலிக்கிறோம்" என்பதற்கு மேல் என்ன வரும்?

இந்த விஷயத்தில் பிரிட்டன் செய்திருப்பதைச் சொல்ல வேண்டும். துறையின் பணத்துக்கு ஒரு மூத்த அதிகாரி சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டும் என்ற முறை அங்கே 1872 முதல் இருக்கிறது. ஒரு செலவு முறையற்றது, அல்லது போட்ட பணத்துக்குத் தக்க பலன் தராது என்று அவர் கருதினால், அமைச்சரிடம் எழுத்தில் உத்தரவு கேட்கலாம். அமைச்சர் எழுதிக் கொடுத்துவிட்டால் அதிகாரி செய்தே ஆக வேண்டும். ஆனால் பொறுப்பு அமைச்சருடையதாகிவிடும்.

மலேசியாவின் பெர்காவ் அணை விவகாரம் வெளியே வந்தது இந்த வழியில்தான். அந்த அணைக்கு 23 கோடியே 40 லட்சம் பவுண்டு உதவி தருவது பணத்தை வீணாக்குவது என்று பிரிட்டனின் வெளிநாட்டு உதவித் துறைச் செயலாளர் டிம் லங்கெஸ்டர் ஆட்சேபித்தார். 1991இல் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் எழுத்தில் உத்தரவு கொடுத்தார். அப்புறம் தணிக்கை அலுவலகமும் பொதுக் கணக்குக் குழுவும் அதைப் பிடித்துக்கொண்டன. 1994இல் அந்த உதவி சட்டவிரோதமானது என்று உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்றைக்கு அங்கே அப்படி ஓர் உத்தரவு பிறந்தால், அதன் நகல் தாமதமில்லாமல் தணிக்கைத் தலைவருக்குப் போக வேண்டும். குழு பல வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆட்சேபிக்கிற அளவுக்குத் துணிச்சல் எத்தனை அதிகாரிக்கு இருக்கும் என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். ஆனால் எழுத்தில் கேட்காமல் விட்டால் தன் தலைதான் உருளும் என்று விதி இருந்தால், கோழைகூட எழுதுவான். நானே சாட்சி.

நிதியாண்டின் கடைசி மாதம். ஒதுக்கீடு மிச்சமிருக்கிறது, செலவழிக்காமல் திருப்பி சரண்டர் செய்தால் அடுத்த வருடம் வெட்டிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும். வந்து இறங்காத கருவிகளுக்கு முழுத் தொகைக்கு பில் வந்தது. "பாஸ் பண்ணிடுங்க, பார்த்துக்கலாம்" என்றார்கள். "எழுதிக் கொடுங்க சார்" என்றேன். இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பில் வந்த வழியே திரும்பிப் போனது.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் அதற்கு முந்தைய வருடம் இதே மாதிரி வந்த இன்னொரு பில்லுக்கு நான் எதுவும் கேட்கவில்லை. மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது, மாற்றல் வந்துவிடுமோ என்று பயம். ஓய்வுபெற்று இரண்டு வருடம் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு இளம் அதிகாரி போனில் கூப்பிட்டார். தணிக்கை ஆட்சேபனை வந்திருக்கிறதாம். "இதைப் பாஸ் பண்ணச் சொன்னது யார் சார்? ஃபைலில் உங்கள் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது."

– ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி
(பெயர் வெளியிட வேண்டாம்)